நாயோடு போகலாம், ஆனால்...: அமெரிக்க கேம்ப்கிரவுண்டுகள், ஆர்.வி. பார்க்குகளின் செல்லப்பிராணி விதிகள் ஒரு மதிப்பீடு

'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்று போடாத ஆர்.வி. பார்க்கை (வீடுபோல வசதி செய்த பயண வண்டியான ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் இடம்) அமெரிக்காவில் இன்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஒற்றை வரியை நம்பி புக் செய்கிறவர்கள், வந்து இறங்கி ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள்) எல்லாம் மாட்டிய பிறகுதான் விதித்தாளின் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள். எத்தனை நாய், எந்த இனம், இரவுக்கு எத்தனை டாலர் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பயணத்தையே தீர்மானிப்பது ஒரே ஒரு விதி: நாயை வண்டிக்குள் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போகலாமா, கூடாதா? அதற்கு அனுமதி இல்லாத இடத்தில் மளிகைக் கடைக்குப் போவதற்குக்கூட வீட்டில் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். ஆகவே இங்கே ஒவ்வொரு வகை முகாமையும் முதலில் அந்த உரைகல்லில் உரசிப் பார்க்கிறோம். மற்றவை பிறகு.

தேசியப் பூங்காக்கள்

எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான விதி, கூட்டரசு விதித்தொகுப்பான சி.எஃப்.ஆர்.-இல் உள்ள 36 சி.எஃப்.ஆர். 2.15. லீஷ் (நாயைப் பிடித்துச் செல்லும் வார்) 6 அடிக்கு மேல் இருக்கக்கூடாது, அளவுக்கு மீறிக் குரைக்க விடக்கூடாது, கழிவை அந்தந்தப் பூங்கா சொன்னபடி அப்புறப்படுத்த வேண்டும். இழுத்தால் நீளும் ரிட்ராக்டபிள் லீஷ் 16 அடி வரை ஓடும் சமாசாரம். 'பூட்டித்தான் வைத்திருக்கிறேன்' என்று ரேஞ்சரிடம் வாதாடுவதற்குப் பதில் சாதாரண 6 அடி நைலான் லீஷ் ஒன்றை வண்டியில் போட்டு வைப்பது மேல்.

இந்த விதியில் பலர் தப்பாகப் படிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. நாயை ஏதாவது ஒன்றில் கட்டிப்போட்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது என்பதுதான் அது. வண்டிக்குள் விடுவதைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் பேசவில்லை. அதை ஒவ்வொரு பூங்காவின் தலைமை அதிகாரியும் 'சூப்பரின்டெண்டென்ட்ஸ் கம்பென்டியம்' என்ற ஆவணத்தில் தனியாகத் தீர்மானிக்கிறார். பூங்காவின் இணையதளத்தில் சட்டங்கள், கொள்கைகள் பகுதியில் அது கிடைக்கும். திறந்து 2.15 என்று தேடினால் நேரே உரிய இடத்துக்குப் போய்விடலாம். படங்கள் போட்டு அழகாக எழுதிய செல்லப்பிராணிப் பக்கத்தைவிட இந்த வறட்டு ஆவணம்தான் ரேஞ்சரிடம் செல்லுபடியாகும்.

யெல்லோஸ்டோனில் சாலை, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் இருக்கலாம். நடைபாதை, மரப்பலகைப் பாதை, வெந்நீர் ஊற்றுப் பகுதி எதற்கும் அழைத்துப் போக முடியாது. வீண் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் 1981-ல் ஊற்றுக்குள் பாய்ந்த நாயைக் காப்பாற்றத் தானும் குதித்த ஓர் இளைஞர் இறந்தே போனார், நாயும் பிழைக்கவில்லை. பார்க்கிங் அருகில் இருக்கும் இடங்களை நீங்கள் பார்த்து வரும்வரை, போதிய காற்றோட்டம் இருந்தால், நாயை வண்டிக்குள் விட அங்கே அனுமதி இருக்கிறது. சிக்கல் மின்சாரத்தில். அங்கே ஹூக்கப் உள்ளது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் ஒன்றில்தான். மற்ற கேம்ப்கிரவுண்டுகளில், ஜெனரேட்டருக்கு அனுமதி இருந்தாலும், காலை 8 முதல் இரவு 8 வரை மட்டுமே ஓட்டலாம்.

பெரிய பூங்காக்களில் நாய்க்காரர்களுக்கு ஒத்துவரும் இடம் என்றால் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு. விளிம்பின் மேலே செல்லும் பாதைகளில் நாயோடு நடக்கலாம். கீழே பள்ளத்தாக்கில் இறங்கக்கூடாது, ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். பூங்காவுக்குள்ளேயே நாய்க்காப்பகம் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், கூட்ட நாட்களில் முன்பதிவும் தேவை. மேத்தர் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு இல்லை, டிரெய்லர் வில்லேஜில் முழு ஹூக்கப் உண்டு. கோடையில் நாயோடு போகிறவர்கள் இரண்டாவதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

ஸ்மோக்கி மலைகளில் நிலைமை படுமோசம். அவ்வளவு பெரிய பூங்காவில் நாய்க்குத் திறந்திருப்பவை கேட்லின்பர்க் டிரெயில், ஓகோனலஃப்டி ரிவர் டிரெயில் என்ற இரண்டு சிறிய பாதைகள் மட்டும். சயானில் பாரஸ் டிரெயில் என்ற ஒன்றே ஒன்று. அதை ஒட்டி ஓடும் வர்ஜின் ஆற்றிலும் நாயை இறக்கக்கூடாது. நச்சுள்ள சயனோபாக்டீரியா அங்கே 2020-ல் கண்டறியப்பட்டது. நக்கிக் குடித்தாலே நாய்க்கு உயிர் ஆபத்து.

நேர் எதிரானவை அக்கேடியாவும் ஷெனன்டோவாவும். அக்கேடியாவில் சுமார் 100 மைல் நடைபாதையும் குதிரை வண்டிக்காகப் போட்ட 45 மைல் கேரேஜ் ரோடும் லீஷில் உள்ள நாய்க்குத் திறந்திருக்கின்றன. ஷெனன்டோவாவின் 500 மைலுக்கு மேற்பட்ட பாதைகளில் தடை 20 மைலுக்கும் குறைவு. தேசியப் பூங்காவுக்குத்தான் போவேன், நாயையும் விட மாட்டேன் என்பவர்கள் கிழக்குக் கரைப் பக்கம் இந்த இரண்டில் ஒன்றைப் பிடிக்கலாம்.

கண்டுகொள்ளப்படாத நல்ல இடங்கள்

எங்கள் முதல் மதிப்பெண் தேசிய வனங்களுக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகளுக்கும்தான். தேசிய வன கேம்ப்கிரவுண்டில் லீஷ் 6 அடி. ஆனால் வெளியே பெரும்பாலான பாதைகளில் நாய்க்குத் தடை கிடையாது. தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டியே பல இடங்களில் தேசிய வனம் இருக்கிறது. அங்கே தங்கி, பூங்காவைக் காரிலேயே பார்த்துவிட்டு, நாயை வனத்தில் நடத்துவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. குறை: மின் இணைப்பு அரிது.

ஆர்மி கோர் இடங்களில் அந்தக் குறையும் பெரும்பாலும் இல்லை. அணைக்கட்டு ஏரியோரம் மின் இணைப்போடு சைட் (வண்டி நிறுத்தித் தங்கும் இடம்) கிடைக்கும். அவர்களுடைய விதியான 36 சி.எஃப்.ஆர். 327.11, நாயை லீஷில் வைக்கலாம், கூண்டிலோ அடைப்புக்குள்ளோ வைக்கலாம் என்கிறது. அதாவது மடக்கு வேலித் தடுப்பைப் பொது விதி தடுக்கவில்லை. தனியார் பார்க்குகள் பலவற்றில் இதே வேலியை விரித்தால் ஐந்து நிமிடத்தில் பார்க் ஊழியரின் கோல்ஃப் வண்டி வந்து நிற்கும். குளிக்கும் கடற்கரைபோல அமைத்த கரை, குழந்தைகள் விளையாடும் இடம், கழிவறை மூன்றிலும் நாய் கூடாது.

பி.எல்.எம். (கூட்டரசு நில மேலாண்மைத் துறை) பாலைநிலங்களில், அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கத்து நீண்டகால முகாம்கள் உட்பட, விதி கொஞ்சம்தான், ஆபத்துதான் அதிகம். சின்ன நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே டீ போடப் போனால் ஓநாய் போன்ற கயோட்டிக்கு அந்த நேரமே போதும்.

மாநிலப் பூங்காக்கள்

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் இரவில் நாய் கூடாரத்துக்குள் அல்லது மூடிய வண்டிக்குள் இருக்க வேண்டும்; கேம்ப்கிரவுண்டில் ஏற்றுக்கொள்வார்கள், நடைபாதைகளிலும் கடற்கரைகளிலும் பெரும்பாலும் இல்லை. டெக்சஸில் நாயை ஆளில்லாமல் விடக்கூடாது, பூங்காக் கட்டடங்களுக்குள்ளும் கொண்டு போகக்கூடாது. நியூயார்க்கில் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள். சைட்டுக்கு இரண்டு பிராணிகள்தான். ஃபுளோரிடா ஆளில்லாமல் விடுவதற்கு 30 நிமிட வரம்பு வைத்திருக்கிறது. ஒரு குளியல் போட்டு வரலாம், கயாக்கிங் போக முடியாது. விதி தெளிவாக இருப்பதால் குறை சொல்வதற்கில்லை, ஆனால் நாயோடு வருபவர் பகல் முழுதும் முகாமிலேயே கிடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். நீரோரம் நடக்கும்போது முதலை நினைப்பும் இருக்கட்டும். கரையை ஒட்டி நாயை நடத்த வேண்டாம்.

தனியார் பார்க்குகள்: பணமும் பொடி எழுத்தும்

1962-ல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கேம்ப்கிரவுண்டுச் சங்கிலியான கே.ஓ.ஏ., இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 500-க்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஃபிரான்சைஸ். மஞ்சள் போர்டு ஒன்றானாலும் உரிமையாளர் வேறு, விதியும் வேறு. ஒரு கே.ஓ.ஏ.வில் கிடைத்த சலுகையை அடுத்த கே.ஓ.ஏ.வில் எதிர்பார்க்கக்கூடாது. பல இடங்களில் 'கேம்ப் கே9' என்ற வேலியிட்ட நாய்த்திடல் இருக்கிறது. அதுதான் இந்தச் சங்கிலியின் பலம். டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னெஸ் நாய்க்குத் தனி லூப்புகளையே (சைட்டுகள் அமைந்த வளைய சாலைகள்) ஒதுக்கியிருக்கிறது. புக் செய்யும்போதே நாய் வருவதைச் சொல்லி அந்த லூப்பில் சைட் கேட்க வேண்டும், வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நாய்த்திடல் என்று எழுதியிருப்பதெல்லாம் திடல் ஆகிவிடாது. பார்க்க வேண்டியது இரட்டைக் கதவு: ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும்படியான நடுக்கூண்டு. அது இல்லாத இடத்தில் ஒருவர் நுழையும்போது இன்னொருவரின் நாய் சாலைக்கு ஓடும். சிறிய நாய்க்குத் தனி அடைப்பு, நிழல், கழிவுப்பை டப்பா ஆகியவை இருந்தால் நல்லது. தரை சரளைக்கல்லா, புல்லா, செயற்கைப் புல்லா என்று கேளுங்கள். வெயில் மாநிலங்களில் செயற்கைப் புல் மதியத்தில் பாதத்தைப் பொசுக்கும். புறங்கையை ஏழெட்டு நொடி வைத்துப் பாருங்கள், தாங்கவில்லை என்றால் நாய்க்கும் தாங்காது. பொதுத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட வேண்டாம், சொந்தக் கிண்ணம் போதும். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியை எந்தத் திடலிலும் இறக்காதீர்கள். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இனத் தடை தனியார் பார்க்குகளின் பெரிய தலைவலி. பிட்புல், ராட்வைலர், டோபர்மேன் என்று பட்டியல் ஓடும். உரிமையாளருக்கு அந்த நாய்கள் மீது தனிப்பட்ட பகை எதுவும் இருக்காது. அவருடைய பொறுப்புக் காப்பீட்டு பாலிசியில் அந்த இனங்கள் விலக்கப்பட்டிருக்கும். கடித்தால் இழப்பீடு அவர் கையிலிருந்து போக வேண்டியிருக்கும். 'எங்கள் நாய் பூச்சி மாதிரி' என்று கவுன்டரில் மன்றாடிப் பயனில்லாதது இதனால்தான். கலப்பினம் என்றால் முடிவு பெரும்பாலும் கண்மதிப்பில்தான். கால்நடை மருத்துவரின் பதிவேட்டில் இனம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிச் சான்றில் 'பிட்புல் மிக்ஸ்' என்று இருந்தால் நீங்கள் நீட்டும் தாளே உங்களுக்கு எதிராகப் பேசும். படத்தை மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுவதே வழி.

சேவை நாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஏ.டி.ஏ. என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்காகக் குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய்க்கு இனத் தடையோ செல்லப்பிராணிக் கட்டணமோ விதிக்க முடியாது. ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடல் அல்லது மனக் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது? சான்றிதழ் கேட்கக்கூடாது, அரசுப் பதிவேடு என்று ஒன்றும் கிடையாது, இணையத்தில் விற்கும் அட்டைகள் வெறும் பிளாஸ்டிக். மனத்துணைக்காக மட்டும் வைத்திருக்கும் நாய் இந்தச் சட்டத்தில் சேவை நாய் ஆகாது. மாதக்கணக்கில் வாடகைக்கு வீடாகவே வாழும் பார்க்குகளில் வீட்டு வசதிச் சட்டம் நுழைவதால் நிலைமை மாறலாம்.

எண்ணிக்கை வரம்பு பெரும்பாலும் சைட்டுக்கு இரண்டு. பூனையும் கணக்கில் வரும், ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள்.

ஏ.சி. ஓடினால் போதுமா?

தனியாரில் ஆளில்லா விதி மூன்று விதமாக வரும்: முழுத் தடை, வண்டிக்குள் இருந்தால் சரி, குரைக்காதவரை சரி. மூன்றாவதுதான் நடைமுறையில் அதிகம், அதில்தான் வம்பும் அதிகம். பார்க் இதில் கறாராக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தாலே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 89, அரை மணியில் 104 ஆகிவிடும். ஆர்.வி.யின் சுவரில் கொஞ்சம் வெப்பத்தடுப்பு இருப்பதால் ஏறுவது தாமதமாகலாம், ஏறாமல் இருக்காது. ஏ.சி. நிற்கும் நொடியிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

ஏன் நிற்கிறது? 30 ஆம்ப் இணைப்பு தருவது 3,600 வாட். கூரை ஏ.சி. மட்டும் 13 முதல் 15 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் இன்னொரு 12 ஆம்ப். அதோடு பேட்டரி கன்வர்ட்டர், மின்சாரத்தில் ஓடும் ஃபிரிட்ஜ். நாலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சைட்டில் நிற்கும் மின் கம்பத்து பிரேக்கர் விழும். வெளியே போகுமுன் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜை கேஸுக்கு மாற்றுங்கள். இரண்டாவது காரணம் உங்கள் கையில் இல்லை. கோடை மதியம் மூன்று மணிக்கு பார்க் முழுக்க ஏ.சி. ஓட, பழைய வயரிங்கில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜைக் கண்காணிக்கும் நல்ல ஈ.எம்.எஸ். சர்ஜ் ப்ரொடெக்டர் 104 வோல்ட்டுக்குக் கீழே போனதும் இணைப்பைத் துண்டித்துவிடும். ஏ.சி. கம்ப்ரஸரைக் காப்பாற்றச் செய்யும் அந்தக் காரியம் உள்ளே இருக்கும் நாய்க்கு எமன். இணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கம்பத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தேய்ந்துபோயிருக்கிறது, சைட்டை மாற்றச் சொல்லுங்கள்.

மின்சாரம் திரும்பினால் ஏ.சி. தானாக ஓடுமா என்பதை முதல் நாளே சோதித்துவிட வேண்டும். கம்பத்து பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். சில டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டுகள் பழைய நிலையை மறந்து அணைந்தே கிடக்கும். அப்படியென்றால் அந்த வண்டியில் நாயைத் தனியே விடக்கூடாது.

வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவி வாங்கினால் செல்போன் நெட்வொர்க்கில் ஓடும் வகையையே வாங்குங்கள்; வேகல் போன்றவை அந்த ரகம். வைஃபை வகை விலை குறைவு, ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் அணையும். எந்த நிமிடத்தில் செய்தி வர வேண்டுமோ அந்த நிமிடத்தில் வராது. கருவியை மேடையில் ஏ.சி. காற்று படும் இடத்தில் வைக்காமல் நாய் படுக்கும் உயரத்தில் வையுங்கள். எச்சரிக்கையை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அமைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, போனுக்குச் செய்தி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலைப்பகுதியில் சிக்னலே இல்லையென்றால் இந்தக் கருவி வெறும் அலங்காரம். கதவில் உங்கள் போன் எண்ணை ஒட்டுங்கள், ஆபீசிலும் ஒன்று கொடுங்கள். கண்ணாடியை உடைப்பதற்கு முன் அவர்கள் கூப்பிடுவார்கள்.

குரைப்புக்கு மருந்து எளிது: சாலைப்பக்கத் திரையை இழுத்துவிட்டு, கூரை ஃபேனை ஓட விடுங்கள். நடமாட்டம் கண்ணில் படாவிட்டால் பாதி நாய்கள் படுத்துவிடும்.

புக் செய்யும்போது

குட் சாம் என்ற ஆர்.வி. கிளப்பின் பார்க் பட்டியலில் செல்லப்பிராணி வரிக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள்: பி என்றால் இனம், எஸ் என்றால் அளவு, கியூ என்றால் எண்ணிக்கை, டாலர் குறி என்றால் தனிக் கட்டணம். ஆளில்லா விதிக்கு அங்கே எழுத்தே கிடையாது, அந்தப் பட்டியலின் பெரிய ஓட்டை இதுதான். கூட்டரசு முகாம்களுக்கு முன்பதிவு செய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு சைட்டின் விவரத்திலும் பிராணி அனுமதி தனியே இருக்கும். கேம்ப்கிரவுண்டுக்குப் பொதுவாக இருப்பதைப் பார்த்துவிட்டு விடாமல் சைட்டின் வரியைப் பாருங்கள்.

போனில் 'நாய் அனுமதி உண்டா' என்று கேட்டால் 'தாராளமாக' என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது இப்படி: 'மதியம் மூன்று மணி நேரம் நாங்கள் வெளியே போவோம். ஏ.சி. ஓட, நாய் வண்டிக்குள் தனியாக இருக்கலாமா? குரைத்ததாகப் புகார் வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுவீர்களா, நேரே வெளியேற்றுவீர்களா? வெளியேற்றினால் பணம் திரும்புமா?' பதிலை புக்கிங் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சீசனில் கவுன்டரில் இருப்பவர் வாராவாரம் மாறுவார்.

தாள்களில் ரேபிஸ் சான்று முக்கியம். கழுத்தில் தொங்கும் வில்லை போதாது. மருத்துவர் கையெழுத்திட்ட சான்றின் நகலும் போனில் ஒரு படமும் வேண்டும். கனடா பக்கத்து கேம்ப்கிரவுண்டுக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் இன்னொரு வேலை: 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் நாய்க்கு, அது அமெரிக்க நாயாகவே இருந்தாலும், சி.டி.சி. (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) நாய் இறக்குமதிப் படிவத்தின் ரசீது வேண்டும். நாய்க்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். படிவத்தை இணையத்தில் நிரப்பச் சில நிமிடம்தான் ஆகும். எல்லைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு போன் சிக்னல் தேடுவதற்குப் பதில், புறப்படும் முன்பே முடித்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.